புரொஜெக்டர் விளக்கு போய்விட்டதா? காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் உறவினர் தாம் பாவித்ததை அனுப்பிவைத்தது, கொழும்பில் மலிவாகக் கிடைத்தது, சனசமூக நிலையத்துக்கு யாரோ அன்பளிப்புச் செய்தது என்று வன்னிக்குப் பல வழிகளில் புரொஜெக்டர்கள் வந்து சேர்கின்றன. வரும்போதே பெரும்பாலானவற்றின் விளக்கு பாதி ஆயுளைத் தாண்டியிருக்கும். பிறகு ஒருநாள், உலகக் கிண்ணப் போட்டி நடுவிலோ பிள்ளைகள் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதோ, சுவர் இருண்டுவிடும். “அண்ணா, லாம்ப் போய்விட்டது, எங்கே வாங்கலாம்?” என்றுதான் உடனே கேட்பார்கள்.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: விளக்குத்தான் போனது என்று எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்கு இங்கே தனி முக்கியத்துவம் உண்டு. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ சந்திக் கடைக்குப் போய் எடுத்து வரக்கூடிய பொருள் அல்ல இது. பெரும்பாலும் கொழும்பிலிருந்து வரவேண்டும். சில மாதிரிகளுக்கு வெளிநாட்டிலிருந்தே வரவேண்டும். பெட்டியைப் பிரித்துப் பொருத்திவிட்டால் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுக்கமாட்டா. அடைபட்ட காற்று வடிகட்டிக்காகவோ சரியாக மூடாத ஒரு மூடிக்காகவோ புதிய விளக்கு வாங்கிய வீடுகளைக் கண்டிருக்கிறேன். அந்தப் பணம் வீணாவதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையில் மாற்றும் வேலையைவிடக் கண்டறியும் வேலைக்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

உங்கள் கருவியில் விளக்கு இருக்கிறதா?

எல்லாப் புரொஜெக்டர்களிலும் மாற்றக்கூடிய விளக்கு இல்லை. அண்மைக் காலத்தில் மலிவாக வரும் சிறிய கருவிகள் பல எல்இடி வகை. விலை கூடியவற்றில் லேசர் வகையும் உண்டு. அதற்கு 20,000 மணி நேரம் என்று உற்பத்தியாளர்கள் கணக்குச் சொல்வார்கள். இந்த இரண்டிலும் நீங்களே கழற்றி மாற்றும் விளக்கு கிடையாது. ஒளி போனால் பழுதுபார்ப்பவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். கருவியின் அடியிலோ பக்கத்திலோ மேலேயோ ஒன்றிரண்டு திருகாணிகளுடன் தனியாக ஒரு சிறு மூடி இருந்து, மெனுவில் விளக்கு ஓடிய மணிக்கணக்கும் காட்டினால், உங்களுடையது விளக்கு வகை. இனி வருவதெல்லாம் அந்த வகைக்கு உரியது.

கண்ணாடிக்குள் நடப்பது

வீட்டு மின்குமிழைப் போல இதற்குள் இழை கிடையாது. விரல் நுனியளவு குவார்ட்ஸ் கண்ணாடிக் கூட்டுக்குள் இரண்டு டங்ஸ்டன் முனைகள் நேருக்கு நேர் நிற்கின்றன. இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். உள்ளே மில்லிகிராம் கணக்கில் பாதரசமும் இம்மியளவு ஆலசன் வாயுவும் இருக்கும். கருவியைப் போட்டதும் பலாஸ்ட் எனப்படும் மின்சுற்றுப் பலகை பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தில் ஒரு பொறியைச் செலுத்தும். அந்தச் சிறு இடைவெளியில் மின்வில், அதாவது விடாது நிற்கும் மின்பொறி, எரியத் தொடங்கியதும் மின்னழுத்தம் 100 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். பாதரசம் ஆவியாகி, கூட்டுக்குள்ளே வாயு அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 200 மடங்குவரை ஏறும்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல்மானியை (மல்ரிமீற்றர்) இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்து, “மின்தொடர்ச்சி காட்டவில்லை, விளக்கு செத்துவிட்டது” என்று பழக்கப்பட்ட மின்வேலைக்காரர்களே சொல்லிவிடுவதுண்டு. புத்தம் புதிய விளக்கும் தொடர்ச்சி காட்டாது. நடுவில் வெறும் இடைவெளிதானே இருக்கிறது? அந்தச் சோதனை எதையும் சொல்லாது. பலாஸ்ட் முனைகளில் பல்மானியை வைப்பதோ உயிருக்கே ஆபத்து. அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

விளக்குக்கு 3,000 அல்லது 4,000 மணி நேரம் ஆயுள் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அந்த நேரம் முடிந்ததும் அணைந்துவிடும் என்று அர்த்தமல்ல. வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பாதியாகக் குறைய எடுக்கும் காலத்தைத்தான் வழக்கமாக அப்படிக் குறிப்பார்கள். நாளுக்கு மூன்று மணி நேரம் ஓடினால் 3,000 மணி நேர விளக்கு மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவாக வரும்.

நோயை அறிதல்

மேசையில் வைத்து, அறையை அமைதியாக்கி, கருவி என்ன செய்கிறது என்று கண்ணாலும் காதாலும் கவனியுங்கள்.

சிவப்போ பச்சையோ எந்தச் சிறு வெளிச்சமும் கருவியின் உடம்பில் வரவில்லை என்றால் விளக்கைச் சந்தேகிக்க வேண்டாம். மின்வடத்தை மாற்றிப் பாருங்கள், வேறு செருகியில் போட்டுப் பாருங்கள். வட அமெரிக்காவிலிருந்து வந்த கருவி என்றால், மின்சாரம் கொடுக்கும் முன்பே அடியில் ஒட்டியுள்ள தாளை வாசிக்க வேண்டும். 100–240 வோல்ட் என்றிருந்தால் நமது 230 வோல்ட்டில் நேரடியாகப் போடலாம். அப்படி இல்லாமல் 120 மட்டும் என்றிருந்த ஒன்றை இங்கே செருகியிருந்தால், போனது மின்வழங்கிப் பலகையாகவே இருக்கும்.

சிறு வெளிச்சம் வருகிறது, விசிறி சுழல்கிறது, ஆனால் ஒளி வரவில்லை என்றால் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேளுங்கள். மெல்லிய ‘டிக், டிக்’ ஒலி சில நொடிகளுக்குக் கேட்டு, நின்று, மறுபடி கேட்டு, கடைசியில் விளக்குக் குறியீடு எனும் சிறு வெளிச்சம் சிவப்பாக எரிந்தால், பலாஸ்ட் பொறியைத் தர முயல்கிறது, விளக்கு பற்றவில்லை என்று கொள்ளலாம். விளக்கின் மீது சந்தேகம் வலுக்கும் இடம் இதுதான். அந்த ஒலியே இல்லை என்றால் மூடியைப் பாருங்கள். விளக்கு மூடிக்குப் பின்னால் சிறிய பாதுகாப்புச் சுவிட்ச் ஒன்று இருக்கும். மூடி சரியாக அமரவில்லை என்றால் கருவி விளக்கை ஏற்றாது. பொதியில் குலுங்கி வந்த கருவிகளில் இது அடிக்கடி நடக்கும். கருவி ஆறியபின் மூடியைத் திறந்து, விளக்கும் அதன் சட்டகமும் சேர்ந்த விளக்குத் தொகுதியை ஒருமுறை வெளியே இழுத்து மீண்டும் இறுக அமர்த்தி, மூடியைச் சரியாகப் பூட்டிப் பாருங்கள். ஒரு சதமும் செலவில்லாத இந்த வேலையால் உயிர்பெற்ற கருவிகள் உண்டு.

ஒளி வந்து, சில நிமிடத்தில் அணைந்துவிடுகிறது என்றால், எந்தக் குறியீடு எரிகிறது என்பதே விடை. வெப்பக் குறியீடு எரிந்தால் பழுது காற்றோட்டத்தில். வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். புழுதி வீதியோரத்து வீடுகளில் அது செம்மண் ஏறிய கம்பளித் துண்டு போலத் தடித்திருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அப்பால் ஒன்றும் தெரியாது. மென்தூரிகையால் தட்டித் துடைத்து, விசிறியின் வாயில் செத்துக் காய்ந்த பல்லியோ பூச்சியோ சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். விளக்குக் குறியீடு எரிந்தால் முந்திய சந்தேகமே மீண்டும் வரும். குறியீடுகள் மினுங்கும் எண்ணிக்கைக்கு ஒவ்வொரு நிறுவனமும் வேறு வேறு பொருள் வைத்திருக்கிறது. உங்கள் மாதிரியின் கைநூலை இணையத்திலிருந்து இறக்கிக் கைத்தொலைபேசியில் வைத்திருங்கள்.

படம் வருகிறது, ஆனால் மங்கல். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். வெளிச்சத்தைக் குறைத்து ஓட்டும் சிக்கன நிலை (எக்கோ) போடப்பட்டிருக்கிறதா, வில்லையில் தூசி படிந்திருக்கிறதா, பகலில் யன்னல் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு மெனுவில் மணிக்கணக்கைப் பாருங்கள். 3,500 மணி ஓடியிருந்து, படம் முழுவதும் ஒரே சீராக மங்கி, சற்று மஞ்சள் அடித்திருந்தால் விளக்கு முதிர்ந்துவிட்டது. 600 மணிதான் காட்டுகிறது, படத்தின் ஒரு மூலையில் மட்டும் மஞ்சளாகவோ நீலமாகவோ கறை தெரிகிறது என்றால், அது எல்சிடி வகைக் கருவியில் படத்தை உருவாக்கும் தகடுகளில் வந்த பழுது. படத்தை நுண்கண்ணாடிகளால் உருவாக்கும் டிஎல்பி வகையில் வெண்புள்ளிகள் மழைத்துளியாகச் சிதறித் தெரிந்தால் உள்ளே இருக்கும் நுண்கண்ணாடிச் சில்லு கெட்டுவருகிறது. இந்த இரண்டுக்கும் எந்த விளக்கும் மருந்தாகாது. பாவித்த கருவி என்றால் மணிக்கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். விற்பவர் அதைப் பூச்சியமாக்கியிருக்கலாம்.

வெளிச்சம் துடிக்கிறது என்றால் உடனே கைவிட வேண்டியதில்லை. சிக்கன நிலையிலேயே நெடுநாள் ஓடிய விளக்கில் மின்வில் ஓரிடத்தில் நிலைக்காமல் தாவும். முழு வெளிச்ச நிலையில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடவிட்டால் சில வேளை அது அடங்கிவிடும். அடங்காவிட்டால் முடிவு நெருங்கிவிட்டது.

சந்தேகம் வலுத்தபின் செய்ய வேண்டியது, தொகுதியை வெளியே எடுத்து முன்கண்ணாடி வழியாக நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பார்ப்பது. நடுவில் உள்ள சிறு கூடு தெளிவாக இருந்து, உட்சுவரில் வெள்ளிமணிகள்போல் சிறு துளிகளோ மெல்லிய சாம்பல் படலமோ தெரிந்தால் பயப்பட வேண்டாம்; அது குளிர்ந்த பாதரசம். கூடு பால் நிறமாக வெளுத்திருந்தால், ஒரு பக்கம் புடைத்திருந்தால், கரிபிடித்துக் கறுத்திருந்தால், கீறலோ ஓட்டையோ இருந்தால், தீர்ப்பு நிச்சயம். அதை மறுபடி ஏற்றிப் பார்க்க வேண்டாம். புடைத்த கூடு வெடிக்கும்.

கூடு தெளிவாக இருந்தும் பற்றவில்லை என்றால் விளக்கும் பலாஸ்டும் சமமான சந்தேகத்தில் நிற்கின்றன. அதே மாதிரிக் கருவி ஒரு பாடசாலையிலோ நண்பர் வீட்டிலோ இருந்தால் அங்கே ஓடும் விளக்கைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை. அது முடியாவிட்டால், வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ புரொஜெக்டர் திருத்திப் பழகியவரிடம் கருவியையும் விளக்கையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.

வாங்கும்போது

இரண்டு எண்கள் வேண்டும்: கருவியின் மாதிரி எண், விளக்குத் தொகுதியின் எண். இரண்டாவது தொகுதியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். எப்சன் கருவிகளில் அது இ-எல்-பி-எல்-பி என்று தொடங்கும். பென்கியூ கருவிகள் பலவற்றில் 5-ஜே என்று தொடங்கும். இரண்டையும் படம்பிடித்துக் கடைக்கு அனுப்புங்கள். வாயால் சொன்னால் ஓர் எழுத்து மாறி வேறு தொகுதி வந்து சேரும்.

சந்தையில் மூன்று தரம் உண்டு. கருவி நிறுவனத்தின் சொந்தத் தொகுதி விலை கூடியது. பிலிப்ஸ், ஒஸ்ராம், உஷியோ போன்ற விளக்கு உற்பத்தியாளரின் உண்மையான குமிழை வேறொருவர் செய்த சட்டகத்தில் பொருத்தியது இரண்டாவது. என் பரிந்துரை இதுவே. மூன்றாவது முழுப் போலி. விலை வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாக இருக்கும். சில நூறு மணியில் மங்கும், சிலது வெடிக்கும். சட்டகமில்லாத வெறும் குமிழையும் விற்பார்கள். புதியவர்கள் அதைத் தொட வேண்டாம். பழைய சட்டகத்திலிருந்து கழற்றி, பிரதிபலிப்பான் நேராக அமரும்படி பொருத்துவது பழகிய கைக்குரிய வேலை.

கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசா, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு ஆகிய இடங்களில் விசாரிக்கலாம். உத்தரவாதம் எத்தனை நாள் என்று எழுத்தில் கேளுங்கள். ஏ9 வீதியில் பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொன்னால், பஞ்சு வைத்த அதன் சொந்தப் பெட்டியிலேயே வரவேண்டும். வாங்கியவுடன், கொண்டுவந்தவர் முன்னிலையில் திறந்து முன்கண்ணாடியைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் சொல்லிவிடுவதானால், பாதரசம் உள்ள பொருள் என்பதால் அவர் விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

விளக்கின் விலை, அதே போன்ற பாவித்த கருவி ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டினால் ஒருமுறை யோசியுங்கள். பழைய கருவிக்குப் புதிய விளக்குப் போட்ட மறுமாதம் அதன் தகடு கெட்டால் இரண்டும் நட்டம்.

மாற்றும் வேலை

வேலை சிறியது, பொறுமை மட்டும் வேண்டும்.

கருவியை அணைத்து, விசிறி தானாக நிற்கும்வரை விட்டு, மின்வடத்தைக் கழற்றுங்கள். பிறகு ஒரு மணி நேரம் காத்திருங்கள். சித்திரை, வைகாசி நண்பகலில் தகரக் கூரைக்குக் கீழே என்றால் இன்னும் கூடுதலாக விடுங்கள்.

மேசையில் சுத்தமான வெள்ளைத் துணி விரியுங்கள். தவறி விழும் கண்ணாடித் துகளும் திருகாணியும் அதில் தெரியும். கூரையில் மாட்டிய கருவி என்றால் கழற்றி இறக்கிவிடுவதே நல்லது. இறக்க முடியாவிட்டால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, முகத்தை நேர் கீழே வைக்காமல் திறவுங்கள்.

நட்சத்திரத் தலைத் திருப்புளியால் மூடியைத் திறந்து, உள்ளே தொகுதியைப் பிடித்திருக்கும் இரண்டு அல்லது மூன்று திருகாணிகளைத் தளர்த்துங்கள். அவை பெரும்பாலும் முழுதாக வெளியே வராதபடி அமைந்திருக்கும். சுழன்றுகொண்டே இருக்கிறதே என்று நெம்ப வேண்டாம். தொகுதியில் மடங்கிக் கிடக்கும் கைபிடியை நிமிர்த்தி, நேராக இழுங்கள். சாய்த்து இழுத்தால் பின்னால் உள்ள மின்முனை வளையும்.

வெற்றுக் குழியில் படிந்த தூசியை மென்தூரிகையால் எடுங்கள். வாயால் ஊத வேண்டாம். எச்சில் ஈரம் வில்லைகளில் படியும்.

புதிய தொகுதியைக் கைபிடியில் மட்டும் பிடியுங்கள். கண்ணாடியில் விரல் படக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை சூட்டில் வெந்து, அந்த இடத்தில் வெப்பம் கூடி, கண்ணாடி அங்கிருந்தே பலவீனமாகும். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் ஐசோபுரோப்பைல் அல்ககோல் தோய்த்த நாரற்ற துணியால் துடைத்து உலரவிடுங்கள். கைகழுவும் திரவம் பாவிக்காதீர்கள். அதில் பசைப்பொருள் இருக்கிறது.

எந்தத் திசையில் வெளியே வந்ததோ அதே திசையில் தள்ளுங்கள். மின்முனை அமரும்போது கையில் ஒரு சிறு தடை தெரிந்து, பிறகு உள்ளே இறங்கும். திருகாணிகளை இறுக்கி, மூடியைப் பூட்டி, வடிகட்டியையும் சுத்தம் செய்து மாட்டுங்கள்.

இப்போது போடுங்கள். முழு வெளிச்சம் ஏற ஒரு நிமிடம்போல ஆகும். எரிகிறதா என்று பார்த்தவுடன் அணைக்காதீர்கள். குறைந்தது கால் மணி நேரமாவது ஓடவிடுங்கள். பற்றும் ஒவ்வொரு தடவையும் முனைகள் தேய்கின்றன. தேய்ந்த டங்ஸ்டனை ஆலசன் மீண்டும் முனைக்குக் கொண்டுசேர்க்க நேரம் வேண்டும்.

கடைசியாக, மெனுவுக்குப் போய் விளக்கின் மணிக்கணக்கைப் பூச்சியமாக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் புதிய விளக்குக்கும் கருவி ஆயுள் முடிந்துவிட்டதாக எச்சரிக்கும். சில கருவிகள் ஓடவே மறுக்கும். விளக்கு மாற்றாமல் எச்சரிக்கையைத் தவிர்ப்பதற்காகக் கணக்கைப் பூச்சியமாக்குவது ஆபத்து: முதிர்ந்த விளக்கைத் தெரியாமலே வெடிக்கும்வரை ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். மாற்றிய திகதியை ஒரு சிறு தாளில் எழுதிக் கருவியின் அடியில் ஒட்டிவிடுங்கள்.

வெடித்துவிட்டால்

‘டப்’ என்ற சத்தத்துடன் ஒளி போனால் கூடு உடைந்துவிட்டது. பாதரச ஆவி வெளியே வரும். மின்வடத்தைக் கழற்றி, யன்னல் கதவுகளைத் திறந்து, எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் முதலில். அரை மணி நேரத்துக்கு அறைக்குள் போக வேண்டாம். பிறகு கையுறை போட்டு, துகள்களைத் தடித்த அட்டையால் கூட்டி, எஞ்சியதை ஈரத்தாளால் ஒற்றி எடுத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள போத்தலில் அடைக்கவும். விளக்குமாறும் தூசி உறிஞ்சியும் வேண்டாம்; அவை பாதரசத்தை அறையெங்கும் பரப்பிவிடும். கருவிக்குள் துகள் சிதறியிருந்தால் அதை அகற்றாமல் புதிய விளக்குப் போடக்கூடாது.

வன்னியில் விளக்கைக் கொல்பவை

புழுதியும் மின்தடையும். இவை இரண்டையும் அடக்கினால் விளக்கு சொன்ன காலம் வரை வரும்.

சோளகக் காற்று வீசும் மாதங்களிலும், மாசி, பங்குனியில் காலபோக அறுவடை நடந்து வைக்கோல் தூசு பறக்கும்போதும், வடிகட்டியை மாதத்துக்கு இரண்டு தடவை பாருங்கள். மற்ற மாதங்களில் ஒரு தடவை போதும். பாவிக்காதபோது துணியால் மூடுங்கள், ஆனால் ஆறிய பிறகே. மாரி மழையில் ஈசல்கள் ஒளியைத் தேடி வந்து விசிறி வாயில் விழும். வெளியே திரை கட்டிப் படம் போடுபவர்கள் சற்றுத் தள்ளி இன்னொரு பிரகாசமான மின்குமிழை எரியவிட்டால் பெரும்பகுதி அங்கே போய்விடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் விசிறியும் நிற்கும். சூடெல்லாம் விளக்கைச் சுற்றியே தங்கும். இதற்கு, மின்சாரம் நின்றதும் மின்கலத்திலிருந்து சிறிது நேரம் மின்சாரம் தரும் யூபிஎஸ் ஒன்று போதும். 300 வாட் அளவில் மின்சாரம் எடுக்கும் வீட்டுக் கருவிக்கு 1,000 விஏ திறனுள்ளது தாராளம். படத்தைத் தொடர்வதற்காக அல்ல, ஒழுங்காக அணைத்து விசிறி ஓடி முடிப்பதற்காக. மின்சாரம் திரும்பியதும் உடனே போடாதீர்கள். சூடான விளக்கில் வாயு அழுத்தம் அதிகம் என்பதால் பொறி பற்றாது; வீணே முனைகள் தேயும். கால் மணி நேரம் பொறுத்துப் போடுங்கள்.

கோயில் திருவிழாவிலோ விளையாட்டுக் கழக நிகழ்விலோ ஜெனரேட்டரில் ஓட்டுவதானால், ஒலிபெருக்கிப் பெட்டிகளும் தண்ணீர்ப் பம்பும் இழுக்கும் அதே இணைப்பில் மாட்ட வேண்டாம். பம்பு எடுக்கும் ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் சரிந்து எழும். நடுவில் மின்னழுத்தச் சீராக்கி ஒன்று கட்டாயம். நீண்ட நேரம் தொடர்ந்து ஓடுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரு கிரிக்கெட் போட்டி முழுவதும் நிறுத்தாமல் ஓடுவது, இடைவேளைக்கு இடைவேளை அணைத்துப் போடுவதைவிட விளக்குக்கு நல்லது.

கழற்றிய பழைய விளக்கு

அதற்குள்ளும் பாதரசம் இருக்கிறது. குப்பையோடு எரிக்கக் கூடாது, வளவில் புதைக்கவும் கூடாது. நாம் குடிப்பது கிணற்றுத் தண்ணீர், வயலுக்குப் பாய்வது குளத்துத் தண்ணீர். புதியது வந்த பெட்டியிலேயே வைத்து, மேலே ‘பாதரசம்’ என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விற்ற கடை திரும்ப எடுக்குமா என்று கேளுங்கள். எடுக்காவிட்டால், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் பெற்று இலத்திரனியல் கழிவு சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பிரதேச சபையில் விசாரித்து, ஊரில் சேரும் மற்றப் பழைய விளக்குகளோடு சேர்த்து அவர்களிடம் ஒப்படைக்கலாம்.